எத்தனை அடி என்று கேட்கும் முன்: குடும்பத்தோடு ஒரு வாரம் பாய்மரப் படகில்

பாளையங்கோட்டையில் தாத்தாவும் ஆச்சியும், துபாயில் ஒரு மகன், ஜெர்மனியில் ஒரு மகள், பேரப்பிள்ளைகள் மூன்று நாலு பேர். எல்லாரும் ஒரு வாரம் ஒரே கூரையின்கீழ் இருக்க இடம் தேடும் நம் பக்கத்துக் குடும்பங்கள் சில, இப்போது கிரேக்கத் தீவுகளிலோ தாய்லாந்திலோ பாய்மரப் படகு வாடகைக்கு எடுப்பதைப் பற்றி விசாரிக்கின்றன. விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை அடிப் படகு எடுக்கலாம் அண்ணாச்சி?" என்பதுதான். அடிக்கணக்கு கடைசியில் வர வேண்டியது. யார் யார் ஏறுகிறார்கள், எந்த மாதம், எந்தக் கடல், சுக்கானை யார் பிடிப்பது என்ற நாலுக்கும் பதில் தெரிந்துவிட்டால் படகைத் தேர்ந்தெடுப்பது பெரிய வேலை இல்லை. இந்த நாலும் தெரியாமல் படத்தைப் பார்த்து முன்பணம் கட்டியவர்களுக்குத்தான் கடலில் போய்த் தெரிகிறது, மூட்டுவலிக்காரர் இறங்க முடியாத ஏணியும், மூன்றாம் நாளே வற்றும் தண்ணீர்த் தொட்டியும்.

நம் கரையிலேயே எடுக்க முடியாதா என்று கேட்பது நியாயம்தான். தூத்துக்குடித் தோணிகள் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாயை நம்பியே சரக்கு கொண்டுபோன கரை இது. ஆனால் வாரக் கணக்கில் படகைக் கையில் கொடுத்து அனுப்பும் தொழில் இங்கே வளரவில்லை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. நினைத்த தீவில் நங்கூரம் போட்டு இறங்க முடியாது. அதனால் படகு எடுக்க வெளிநாடு போகத்தான் வேண்டும்.

முதலில் மாதம். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு ஏப்ரல் கடைசியும் மே மாதமும் பெரிய லீவு. வளைகுடாவில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஜூலை, ஆகஸ்ட். இரண்டும் ஒட்டாது. மே மாதம்தான் வசதி என்றால் கிரேக்கத்தின் மேற்குக் கரையிலுள்ள அயோனியன் கடலைத்தான் சொல்வேன். லெஃப்காடா, மெகனிசி, இத்தாக்கா, கெஃபலோனியா எல்லாம் பத்து இருபது கடல்மைலுக்குள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. காலையில் காற்று பெரும்பாலும் இருக்காது. மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து எழும், பொழுது சாயச் சாய அடங்கும். புதிதாகப் போகிறவர்களுக்கு இதைவிட ஒழுங்கான காற்று கிடைப்பது கஷ்டம். வாடகையும் ஜூலை, ஆகஸ்டைவிட நன்றாகக் குறைந்திருக்கும். ஒரே குறை, தண்ணீரின் குளிர்ச்சி. மே மாதத்தில் அங்கே கடல் 19, 20 டிகிரிதான். திருச்செந்தூர்க் கடலில் குளித்துப் பழகிய பிள்ளைகள் இறங்கிய வேகத்தில் ஏறிவிடுவார்கள். நீச்சல்தான் முக்கியம் என்றால் மே மாதக் கிரேக்கம் வேண்டாம்.

டிசம்பர் கடைசி வாரத்தில் அரையாண்டு லீவும் வளைகுடாப் பள்ளிகளின் குளிர்கால லீவும் ஏறக்குறைய சேர்ந்து வரும். அப்போது தாய்லாந்தின் புக்கெட் நல்லது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே வாடைக் காலம். காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் மேற்குக் கரையில் அலை எழும்பாது. பாங் ஙா விரிகுடா ஆழம் குறைந்தது, ஏற்றவற்றமும் அதிகம். இரண்டு மீட்டர் ஆழம் கேட்கும் படகைவிட ஒன்றே கால் மீட்டரில் மிதக்கும் படகு அங்கே நிம்மதி. செஷெல்ஸில் ஏப்ரலும் நவம்பரும் இரு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மாதங்கள். கடல் அமைதியாக இருக்கும், பாயும் தொங்கிக்கொண்டிருக்கும். பாதிப் பயணம் இன்ஜினில்தான்.

ஜூலை, ஆகஸ்டில் கிரேக்கத்தின் கிழக்கிலுள்ள ஏஜியன் கடலுக்குப் போகிறவர்கள் மெல்டெமி என்ற வடகாற்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கு அதை விளக்குவது எளிது. ஆனி, ஆடியில் மேற்குமலைக் கணவாயில் நெருக்குண்டு ஆரல்வாய்மொழி, முப்பந்தல், பணகுடி வழியாகப் பாயும் காற்று ஏன் அவ்வளவு வேகம் பிடிக்கிறது என்று நமக்குத் தெரியும். காற்றாலைகளை அங்கே கொண்டுபோய் நட்டதே அதற்காகத்தான். ஏஜியனிலுள்ள கிக்ளாடிஸ் தீவுகளுக்கு நடுவே, குறிப்பாக மிக்கொனோஸ், தீனோஸ் இடையிலுள்ள கடற்காலில் அதே வேலை நடக்கிறது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது, காற்று மட்டும் போஃபோர்ட் அளவில் 5, 6 என்று அடிக்கும், சில நாள் 7. இதில் 5 என்பது 17 முதல் 21 நாட், 6 என்பது 22 முதல் 27, 7 என்பது 28 முதல் 33. ஒரு நாட் மணிக்கு 1.85 கிலோமீட்டர். முன்னறிவிப்பில் வரும் எண் சராசரிக் காற்று. இடையிடையே வரும் வீச்சு அதைத் தாண்டும். மலைக்கு மறுபக்கம் காற்று மறைந்துவிடும் என்று நம்பி ஒதுங்கினால், சரிவில் உருண்டிறங்கும் காற்று திறந்த கடலைவிட மோசமாக இருப்பதும் உண்டு.

மெல்டெமி எழுந்தால் மூன்று நாலு நாள் விடாது. வாடகை வாரமோ சனி மாலை 5 மணிக்கு ஏறி, வெள்ளி மாலைக்குள் புறப்பட்ட துறைக்கே திரும்பி, சனி காலை 9 மணிக்கு இறங்குவது. காற்றோடு தெற்கே ஓடுவது சுகம். திரும்பி வர அதே காற்றை எதிர்த்து ஏற வேண்டும். அனுபவமுள்ள தண்டல் (படகை நடத்தும் ஸ்கிப்பர்) முதல் இரண்டு நாளில் காற்றுக்கு எதிராக ஏறிவிட்டு, பிறகு காற்றோடு இறங்கி வருவார். சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் இருக்கும் படகுக்கு ஆகஸ்ட் மாதக் கிக்ளாடிஸ் வேண்டாம் என்பதே என் கருத்து. அதே மாதத்தில் அயோனியனும் ஏதென்ஸை ஒட்டிய சரோனிக் வளைகுடாவும் எவ்வளவோ மேல்.

இனி ஆள்கணக்கு. வாடகைத் தொழிலில் நடுத்தரம் என்றால் 38 முதல் 46 அடி. விளம்பரத்தில் "8+2" என்று போட்டிருப்பார்கள். நாலு அறையில் எட்டுப் பேர், நடுக்கூடத்து மேசையை இறக்கி மெத்தை போட்டு இன்னும் இரண்டு பேர் என்பது அதன் அர்த்தம். கூடத்தில் படுப்பவர்கள் எல்லாரும் தூங்கிய பிறகுதான் படுக்க முடியும். முதலில் காப்பி போட எழுகிறவர் சத்தத்திலேயே எழுந்தாக வேண்டும். அந்த இரண்டை முதலிலேயே கழித்துவிடுங்கள். தண்டலைச் சம்பளத்துக்கு அமர்த்தினால் அவருக்கு ஓர் அறை போய்விடும். ஆகவே நாலு அறைப் படகு நமக்கு மூன்று அறைப் படகுதான். அறை என்று சொல்வதையும் வரைபடத்தில் பார்க்க வேண்டும். ஒற்றையுடல் படகில் பின்னறைகள் இரண்டும் உட்காருமிடத்துக்கு அடியில் இருக்கும். படுத்தால் முகத்துக்கு மேலே கூரை, பக்கத்தில் இன்ஜின். அணியத்து (படகின் முன்முனை) அறையில் கட்டில் கால்பக்கம் குறுகிக்கொண்டே போகும். 40 அடிக்குள் நாலு அறை திணித்த படகில் இந்த முன்னறையை இரண்டாகப் பிளந்திருப்பார்கள். அது பன்னிரண்டு வயதுப் பையனுக்குச் சரி, பெரியவர்களுக்குத் தண்டனை.

எண்ணாகப் பார்த்தால் விளங்கும். ஜானோ நிறுவனத்தின் சன் ஒடிசி 410 நீளம் 12.35 மீட்டர், அகலம் 3.99. பவேரியா குரூசர் 46 நீளம் 14.27, அகலம் 4.35. லகூன் 42 என்ற ஈருடல் கேட்டமரான் நீளம் 12.80 மீட்டர்தான், அகலமோ 7.70. நீளத்தைப் பார்த்து இடத்தை அளக்க முடியாது என்பது இங்கேயே தெரிகிறது. நாலு பெரியவர், இரண்டு பிள்ளைகள், சொந்தத்திலேயே ஓட்டத் தெரிந்தவர் என்றால் 40, 41 அடி மூன்றறைப் படகு போதும். ஆறு பெரியவர்களும் சம்பளத் தண்டலும் என்றால் 46 அடி நாலறை, கழிவறை குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இதற்கு மேல் ஆள் கூடினால் பெரிய படகு தேடாதீர்கள். இரண்டு சின்னப் படகாக எடுத்து ஒரே துறையில் இரவு தங்குங்கள். மாமியார் மருமகள் உறவுக்கும் அது நல்லது.

தாத்தா, ஆச்சி வருகிறார்கள் என்றால் கேட்டமரான் எடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். ஒற்றையுடல் படகில் வெளியிலிருந்து உள்ளே போக ஐந்தாறு படி செங்குத்தாக இறங்கும். ஏணியில் இறங்குவதுபோல முகத்தைப் படிப்பக்கம் வைத்துத்தான் இறங்க வேண்டும். பாய் விரித்து ஓடும்போது படகு 15, 20 பாகை சாய்ந்தே ஓடும். அது ஆபத்து இல்லை, அடியிலுள்ள பாரமான கீல் இழுத்துப் பிடித்திருக்கும். ஆனால் பழகாத வயதானவர் அதை அனுபவிக்கமாட்டார், பயந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். கேட்டமரானில் வெளித்திண்ணையும் கூடமும் சமையலிடமும் ஒரே மட்டம். படுக்கப் போக மட்டும் நாலைந்து படி இறங்கினால் போதும். இரண்டு இன்ஜின் உடலுக்கு ஒன்றாகத் தள்ளித் தள்ளி இருப்பதால், ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் போட்டால் நின்ற இடத்திலேயே திரும்பும்.

அதற்கு விலையும் உண்டு. அதே நீளமுள்ள ஒற்றையுடல் படகைவிட வாடகை ஏறக்குறைய இரண்டு மடங்கு. துறைக் கட்டணமும் கூடும், கோடையில் சின்னத் துறைகளில் எட்டு மீட்டர் அகலத்துக்கு இடம் கிடைப்பதே பாடு. காற்றுக்கு எதிராக ஏறுவதில் சோம்பல். எதிரலை உயர்ந்தால் இரு உடலுக்கும் நடுவிலுள்ள தளத்தின் அடியில் வந்து படார் படார் என்று மோதும். எல்லாவற்றையும்விட முக்கியமானது இது: ஒற்றையுடல் படகில் பாய் அதிகமாகிவிட்டால் படகே சொல்லும். விளிம்பு தண்ணீரில் தோயும், சுக்கான் கனக்கும், மேசையிலிருந்த தம்ளர் விழும். கேட்டமரான் சாய்ந்து காட்டாது. நேராகவே நிற்கும், சுமை முழுவதும் பாய்மரத்திலும் கம்பிகளிலும் ஏறிக்கொண்டே போகும். அதனால் எத்தனை நாட் காற்றில் எத்தனை மடிப்பு என்று படகோடு தரும் அட்டவணையை ஓட்டுபவர் பக்கத்தில் ஒட்டி வைத்து, கண்ணை நம்பாமல் காற்றுமானியைப் பார்த்துப் பாயைக் குறைக்க வேண்டும்.

பாய் அமைப்பைப் பற்றி வாடகைக்காரர்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள், கேட்க வேண்டும். பெரிய பாய் பாய்மரத்துக்குள்ளேயே சுருண்டு போகும் வகை ஒன்று, கம்பை என்ற விறைப்பான பட்டைகள் வைத்து மேலே ஏற்றி இறக்கும் பாய் இன்னொன்று. சுருள் வகையை இரண்டு பேர் உட்கார்ந்த இடத்திலிருந்தே விரிக்கலாம், வேண்டிய அளவுக்குக் குறைக்கலாம். அதன் நோய், பாய்மரத்துப் பிளவில் சிக்கிக்கொள்வது. பாய் பழசாகி வயிறு விழுந்திருக்கும். அல்லது சுருட்டும்போது பாயை வெளியே இழுக்கும் வெளிக்கயிற்றை முழுக்கத் தளரவிட்டிருப்பார்கள். அல்லது பாயின் அடியிலுள்ள கீழ்க்கட்டையின் உயரம் சரியாக இருக்காது. சிக்கிவிட்டால் வின்ச் என்ற கயிறு இழுக்கும் உருளையைப் போட்டு முறுக்கக் கூடாது, கிழியும். ஒரு முழம் வெளியே விட்டு, மடிப்பை நீவி, வெளிக்கயிற்றில் லேசான இழுப்பு வைத்துக்கொண்டே மறுபடி சுருட்ட வேண்டும். ஏற்றி இறக்கும் பாயில் வடிவம் நன்றாக இருக்கும், வேகம் கூடும், சிக்கினாலும் கீழே விழுந்துவிடும். ஏற்றும்போது படகு நேர் காற்றுக்கு முகம் கொடுத்திருக்க வேண்டும்; கொஞ்சம் விலகினாலும் கம்பையின் நுனி இருபுறமும் உள்ள தாங்குகயிற்றில் மாட்டும். கைக்கு ஆள் குறைவான குடும்பப் படகுக்குச் சுருள் வகைதான், ஆனால் பாய் எந்த வருஷத்தது என்று கேட்டுவிட்டு.

முன்பாயிலும் இரண்டு உண்டு. ஹான்ஸே படகுகளில் வரும் தானே மாறும் சின்ன முன்பாயில், திசை திருப்பும்போது தாமான் கயிற்றை (பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு) ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் இழுக்கும் வேலையே இல்லை. சுக்கானைத் திருப்பினால் போதும். காற்று பத்து நாட் வேகத்துக்குக் கீழ் என்றால் அந்தச் சின்னப் பாயால் இழுக்க முடியாது. மே மாத அயோனியனுக்குப் ஜெனோவா என்ற பெரிய முன்பாய் உள்ள படகைத் தேடுங்கள்.

புதுப் படகுகள் பலவற்றில் இரட்டைச் சுக்கான். சாய்ந்து ஓடும்போது ஒன்றாவது ஆழத்தில் இருக்கும், பிடி நழுவாது. துறைக்குள் மெதுவாக வரும்போது மட்டும் வேறு பாடம்: நடுவிலுள்ள இன்ஜின் விசிறி தள்ளும் தண்ணீர் இரண்டு சுக்கானுக்கும் இடையில் போய்விடுவதால், படகு ஓரளவு வேகம் எடுக்கும்வரை சுக்கான் பேசாது. ஒற்றைச் சுக்கானில் பழகியவர் கரைச்சுவரில் உரசுவது இங்கேதான். இப்படிப்பட்ட படகில் அணியத்தைப் பக்கவாட்டில் தள்ளும் சின்ன மோட்டார் இருக்கிறதா என்று கேளுங்கள். அதைத் தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் சூடேறி நின்றுவிடும். விட்டுவிட்டு இரண்டு மூன்று விநாடியாகத்தான் தட்ட வேண்டும்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம்; தாமிரபரணிக்காரர்கள் தடுமாறும் இடம் இது. 40 அடி ஒற்றையுடல் படகில் நல்ல தண்ணீர் 300 முதல் 500 லிட்டர்வரை பிடிக்கும். பெரிய கேட்டமரானில் நிறைய இருக்கும் என்று நினைக்க வேண்டாம், லகூன் 42-இன் அடிப்படைத் தொட்டி 300 லிட்டர்தான். சிக்கனமாக ஆளுக்கு 15 லிட்டர் என்றாலும் ஆறு பேருக்கு நாளைக்கு 90 லிட்டர். 350 லிட்டர் நாலாம் நாள் முடியும்முன் தீரும். குழாயைத் திறந்துவிட்டுக் குளித்தால் இரண்டு நாள்கூட வராது. தொட்டி இரண்டு இருந்தால் ஒன்றை மட்டும் திறந்து வையுங்கள். முதல் தொட்டி வற்றி பம்ப் காற்றை இழுத்துக் கடகடவென்று சத்தம் போடும்போது பாதி போய்விட்டது என்று தெரியும். உடனே பம்பை நிறுத்திவிட்டு அடுத்ததைத் திறக்கலாம். கடலில் குளித்துவிட்டுப் பின்பக்கத்திலுள்ள கை ஷவரில் இரண்டு செம்பளவு நல்ல தண்ணீர் விட்டுக்கொள்வதே படகுக் குளியல்.

கழிவறையைப் பற்றிப் பேச யாரும் விரும்புவதில்லை. வாரத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான். காகிதம் போட்டால் குழாய் வளைவில் அடைக்கும். நமக்குத் தண்ணீர்ப் பழக்கம் என்பதால் அந்தப் பிரச்சினை குறைவு. ஆனால் கழுவுவதற்கு என்ன வழி என்று வரைபடத்தில் போட்டிருக்காது. பெரும்பாலான படகுகளில் கைகழுவும் தொட்டியின் குழாய்முனையைப் பிடித்து இழுத்தால் நீண்ட குழலோடு கையோடு வரும், அதுவே ஷவர். அதன் நீளம் பீங்கான் வரை எட்டுகிறதா என்று படகில் ஏறியவுடன் இழுத்துப் பார்த்துவிடுங்கள். எட்டாவிட்டால் ஒரு பிளாஸ்டிக் மக் வாங்கி வையுங்கள். தரையில் விழும் தண்ணீர் தானாக வெளியே போகாது. சுவரிலுள்ள பொத்தானை அழுத்தினால் சின்ன பம்ப் அதை வெளியே தள்ளும். அந்த பம்பின் வடிகட்டியை அடைப்பது தலைமுடி. இரண்டு நாளுக்கொருமுறை திறந்து எடுத்தால் போதும். துறையிலும் நங்கூரமிட்ட விரிகுடாவிலும் நிற்கும்போது கழிவைத் தேக்கப் படகிலேயே தொட்டி உண்டு. அதன் வால்வு மூடியிருக்க வேண்டும், கரையைவிட்டு நன்றாகத் தள்ளிப் போனபின் திறக்க வேண்டும். திறக்க மறந்தே இரண்டு மூன்று நாள் பம்ப் அடித்தால் தொட்டி நிறைந்து, எதிர்த்துக்கொண்டு மேலே வரும். யார் திறப்பது, யார் மூடுவது என்று ஒருவரைப் பொறுப்பாக்கிவிடுங்கள். மின்சாரக் கழிவறை என்றால், அது கடல்நீரை இழுக்கிறதா, தொட்டியின் நல்ல தண்ணீரையா என்று கேளுங்கள். நல்ல தண்ணீரானால் மேலே போட்ட கணக்கு மாறிவிடும்.

சமையலுக்கு இரண்டு பர்னர் அடுப்பு, படகு சாயும்போது தானும் ஆடிச் சமநிலையில் நிற்கும். பாத்திரம் நகராமலிருக்க இடுக்கிகள் இருக்கும். நம் அகன்ற வாணலி அதில் உட்காராது. மூன்று லிட்டர் குக்கர் ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொள்வது மிக நல்லது. கேஸும் தண்ணீரும் மிச்சம், மூடி பூட்டியிருப்பதால் ஆட்டத்தில் கொட்டாது. சிலிண்டர் மூன்று கிலோ அளவுதான். இட்லி அவிக்க ஆசைப்பட வேண்டாம். ஆவி முழுக்க உள்ளேயே நிற்கும். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, வறுத்த ரவை, சேமியா கொண்டுபோனால் மூன்று நாளை ஓட்டிவிடலாம். தேங்காய்ப்பால் டப்பா கிடைத்தால் சொதியே வைக்கலாம். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வெளியேறாது, படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும். அதனால் ஒவ்வொரு சமையலுக்குப் பிறகும் அடுப்பை மட்டுமல்ல, சிலிண்டர் வால்வையும் மூட வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

மிக்ஸியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். 230 வோல்ட் மின்சாரம் கரையில் ஒயர் செருகினால்தான் வரும். 750 வாட் மிக்ஸியை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டினால் 60 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சின்ன இன்வெர்ட்டர் தாங்காது. ஃபிரிட்ஜ் மட்டுமே சுமார் ஐந்து ஆம்பியர் எடுத்து நாளில் பாதி நேரம் ஓடும், அதுவே 60 ஆம்பியர்-மணி. விளக்கு, கருவிகள், ஆட்டோபைலட், எட்டுப் பேரின் போன் எல்லாம் சேர்ந்தால் இரட்டிப்பாகும். ஈய அமில பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்பதால், 280 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் கைக்கு வருவது 140. ஒரு நாள் ஓடும். மறுநாள் ஒன்றிரண்டு மணி நேரம் இன்ஜின் ஓட வேண்டும், அல்லது கரை மின்சாரம். சூரியத் தகடு உள்ள படகுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். ஏசி இருக்கிறது என்று விளம்பரத்தில் பார்த்து மகிழ வேண்டாம். ஜெனரேட்டர் இல்லாத படகில் அதுவும் கரை மின்சாரத்தில் மட்டும்தான். நங்கூரத்தில் படகு எப்போதும் காற்றுக்கு முகம் கொடுத்தே நிற்கும். அணியத்து ஜன்னலைத் திறந்து வைத்தால் அந்த அறை குளிர்ந்துவிடும், பின்னறைகளில்தான் புழுக்கம்.

நங்கூரச் சங்கிலி 50 மீட்டராவது இருக்க வேண்டும். ஐந்து மீட்டர் ஆழம், அணியத்தின் உயரம் ஒன்றரை மீட்டர் என்றால் மொத்தம் ஆறரை. அதைப்போல ஐந்து மடங்கு, 32 மீட்டர் சங்கிலி விட வேண்டும், காற்று ஏறினால் ஏழு மடங்கு. மணப்பாட்டில் குன்றின் வடக்கு அணைப்பில் தென்மேற்கு அலை அடங்குவதைப் பார்த்தவர்களுக்கு ஒதுங்குமிடம் தேர்ந்தெடுப்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ராத்திரி காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பதை மட்டும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிரேக்கத் துறைகளில் படகின் பின்பக்கம் கரையைத் தொடும், அணியம் கடலைப் பார்க்கும். கரையிலிருந்து மூன்று நாலு படகு நீளம் தள்ளி நங்கூரத்தைப் போட்டு, சங்கிலியை விட்டுக்கொண்டே பின்னால் வந்து கயிறு கட்ட வேண்டும். அடுத்தவர் சங்கிலிக்குக் குறுக்கே போட்டால் மறுநாள் காலை இரண்டு படகும் புறப்பட முடியாது. குரோஷியாவில் பெரும்பாலான மரினாக்களில் கடலடித் தரையோடு கட்டிய கயிறு தயாராக இருக்கும், நங்கூரம் போட வேண்டாம். கரைக்கு ஏறுவது ஒரு குறுகிய பலகையில். வயதானவர்கள் வந்தால் பக்கக் கைப்பிடியோடு வருகிறதா என்று கேட்பது அவசியம். நங்கூரம் தூக்கும் மின் பொறியைப் போடும்போது இன்ஜின் ஓட வேண்டும். படகை நங்கூரத்தை நோக்கிக் கொண்டுபோவது இன்ஜினின் வேலை. பொறியை வைத்தே படகை இழுத்தால் பிரேக்கர் விழும். அது எந்த அறையின் எந்த மூலையில் இருக்கிறது என்று முதல் நாளே தெரிந்து வைக்க வேண்டும்.

சொந்தமாக ஓட்டப் போகிறீர்கள் என்றால், கிரேக்கத்தில் ஓட்டுபவருக்கு உரிமமும் கூடவே அனுபவமுள்ள இரண்டாவது ஆளும் கேட்பார்கள். குரோஷியாவில் விஎச்எஃப் ரேடியோ சான்றிதழும் வேண்டும். இரண்டு இடத்திலும் ஐசிசி என்ற சர்வதேசத் தகுதிச் சான்று செல்லும். சென்னையில் 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பில் சின்னப் படகில் காற்றைப் பழகிக்கொள்ளலாம். நாற்பதடியைத் துறையில் திருப்பக் கற்க, பிரிட்டனின் ஆர்ஒய்ஏ படகுச் சங்கத்தின் டே ஸ்கிப்பர் மாதிரி ஐந்து நாள் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் போக வேண்டும். கையில் சான்றிதழ் புதிது, வீட்டார் யாருக்கும் கயிறு பிடிக்கத் தெரியாது என்றால் முதல் இரண்டு நாளுக்காவது உள்ளூர்த் தண்டலை அமர்த்துங்கள். அவருக்கு நாள் சம்பளமும் மூன்று வேளைச் சாப்பாடும் நம் பொறுப்பு. கேட்டமரானின் முன்முனையிலுள்ள பெட்டி மாதிரி இடத்தில் அவரைப் படுக்கச் சொல்வது வழக்கத்தில் உண்டு. உள்ளே இறங்க மேல்தளத்து மூடி ஒன்றுதான் வழி, கோடையில் வெந்துபோகும். நாள் முழுக்க நம் பிள்ளைகளின் உயிருக்குப் பொறுப்பாக நிற்பவருக்கு ஒரு முறையான அறை கொடுக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் வாடகைக்கு வெளியே என்னென்ன என்று ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள்: கடைசிச் சுத்தம், படுக்கை விரிப்பு, கரைக்குப் போய்வரும் சின்னப் படகின் மோட்டார், துறை வரி, டீசல். இன்ஜின் நிதான ஓட்டத்தில் மணிக்கு மூன்று நாலு லிட்டர் குடிக்கும், தொட்டியை நிரப்பித் திருப்பித் தர வேண்டும். பாதுகாப்பு வைப்புத்தொகை ஆயிரக்கணக்கான யூரோ. அதை கிரெடிட் கார்டில் பிடித்து வைப்பார்கள், இந்தியக் கார்டில் அந்த வரம்பும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் திறந்திருக்க வேண்டும். கிரேக்கத்துக்கும், 2023 ஜனவரி முதல் குரோஷியாவுக்கும் ஷெங்கன் விசாதான். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். இரவு தங்குவது படகில் என்பதால் ஒப்பந்தத்தையும் ஆள்பட்டியலையும் விண்ணப்பத்தோடு இணையுங்கள். விசா மறுக்கப்பட்டால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்ற வரி ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லுங்கள்.

படகின் வயதைப் பற்றி: ஐந்து வருஷத்துக்கு மேற்பட்டது என்றதும் ஒதுக்க வேண்டாம். பாயும் பேட்டரியும் மாற்றப்பட்ட எட்டு வருஷப் படகு, இரண்டும் மாற்றாத நாலு வருஷப் படகைவிட நல்லது.

சனிக்கிழமை சாவி வாங்கும்போது அவசரப்படுத்துவார்கள். கையெழுத்துக்கு முன் இன்ஜினைப் போட்டு, பின்னால் புகைக்குழாயில் தண்ணீர் துப்புகிறதா என்று பாருங்கள்; துப்பாவிட்டால் குளிர்நீர் இழுக்கும் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருக்கும், சில நிமிடத்தில் இன்ஜின் கொதிக்கும். இரண்டு பாயையும் முழுக்க விரித்துத் தையலைப் பாருங்கள். நங்கூரத்தை இறக்கி ஏற்றுங்கள். அடித்தளப் பலகையைத் தூக்கி, உள்ளே தண்ணீர் இருந்தால் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள்: உப்பென்றால் கடல், காரணம் கண்டுபிடிக்காமல் புறப்படக் கூடாது, சப்பென்றால் தொட்டிக் கசிவு. உயிர்காப்புச் சட்டைகளைப் பிள்ளைகளுக்கு அங்கேயே போட்டு, தோளைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அளவு பெரிது, தண்ணீரில் நழுவிவிடும், தொடையிடுக்குப் பட்டையோடு சின்ன அளவு கேளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்காக விளிம்புக் கம்பியில் வலை கட்டச் சொல்லியிருந்தால் அது முழு நீளமும் கட்டியிருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். பழைய கீறல், உடைந்த கொக்கி, ஒட்டுப்போட்ட இடம் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து, படிவத்திலும் எழுதவைத்த பிறகுதான் பேனாவை எடுக்க வேண்டும்.